அடிப்படைத் தமிழ், இரண்டு கிரெடிட்

எங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவு பழைய ஓட்டுக் கட்டடத்தை விட்டுப் புதிய மாடிக் கட்டடத்துக்குப் போகிறது. அதையொட்டி ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். நான் இருந்த கண்காணிப்பாளர் நாற்காலியில் இப்போது இருக்கும் ஜெயந்தி போன் செய்தாள்.

“சார், நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும். ஆனா அறிவுரை மட்டும் வேண்டாம். போன மலர்ல ரிட்டயர்டு ஆன நாலு பேரு அறிவுரையா எழுதித் தள்ளி, புஸ்தகம் இன்னும் கட்டுக்கட்டா ஸ்டோர் ரூம்ல கெடக்கு.”

அறிவுரை சொல்லாமல் எழுதுவது என் வயதுக்குக் கஷ்டமான காரியம். இருந்தாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன். அதில் யாருக்காவது அறிவுரை தட்டுப்பட்டால் நான் பொறுப்பல்ல.

பாளையங்கோட்டையில் அந்த ஆபீசுக்குள் நான் டைப்பிஸ்ட்டாக நுழைந்தபோது மார்க் மட்டும்தான் இருந்தது. எடுத்தால் பாஸ், விட்டால் அரியர். பிறகு கிரெடிட் வந்தது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் நடக்கும் பாடத்துக்கு நாலு கிரெடிட், இரண்டு மணி நேரம் நடப்பதற்கு இரண்டு என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எடை. மூன்று வருடத்தில் நூற்று நாற்பது சேர்ந்தால் பட்டம். ஆனால் மொத்தம் மட்டும் சேர்ந்தால் போதாது. மொழி ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி, முக்கியப் பாடம் ஒரு பகுதி, சின்னச் சின்னப் பாடங்கள் நாலாம் பகுதி, என்.எஸ்.எஸ்., விளையாட்டு எல்லாம் ஐந்தாம் பகுதி. ஐந்தும் தனித்தனியாக நிறைய வேண்டும். பந்தியில் மூன்று டம்ளர் பாயசம் குடித்துவிட்டுச் சோறு சாப்பிட்டதாகச் சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி.

இதை எங்களுக்கே புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று. மாணவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேறு கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். மறுநாளே ஒரு பையன் மனுவோடு வந்தான். ‘என்னிடம் தேவைக்கு மேல் ஆறு கிரெடிட்டுகள் உள்ளன. என் நண்பன் சுடலைமுத்துவுக்கு நான்கு குறைகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்ச். என்னுடையதில் நான்கை அவன் பேருக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’ எங்கள் கன்ட்ரோலர் அதைச் சிரிக்காமல் படித்து, ஓரத்தில் பச்சை மையால் எழுதினார்: ‘நட்பு போற்றத்தக்கது. விதியில் இடமில்லை.’ அந்த மனு இன்னும் கோப்பில் இருக்கும். கட்டடம் மாறும்போது தொலைத்துவிடாதீர்கள்.

கன்ட்ரோலர் என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். எங்கள் கன்ட்ரோலர் சங்கரபாண்டியன் சார் வேதியியல் பேராசிரியர். ஒல்லியான மனிதர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பச்சைப் பேனா, கையில் தெற்கு பஜாரில் வாங்கிய ஓரடி ஸ்டீல் ஸ்கேல். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்ததும், பட்டத்துக்குத் தகுதியானவர்கள் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், அவரும் நானும் எதிரெதிரே உட்காருவோம். ஒவ்வொரு மாணவர் வரிசைக்குக் கீழும் ஸ்கேலை வைத்துப் பகுதி வாரியாகச் சத்தமாகப் படிப்பார். நான் மூல மார்க் ஷீட்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எண்ணூறு பேர் என்றால் எண்ணூறு பேரும். கம்ப்யூட்டர் கூட்டித் தந்துவிடுகிறதே என்று ஒருமுறை சொன்னேன். “கம்ப்யூட்டர் கூட்டும்வே, பாக்காது” என்றார்.

சரியாக இருந்தால் ‘சரி’ என்று சொல்ல மாட்டார். “போகட்டும்” என்பார். தப்பு இருந்தால் திட்ட மாட்டார். ஸ்கேலைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றி, “டீ சொல்லும்வே” என்பார். அந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அதற்குள் நமக்கு வியர்த்துவிடும். எங்கள் ஆபீசில் யாரும் வீட்டில்கூட ‘டீ சொல்லு’ என்று சொல்வதில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு ஜூன் மாதம், பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருடத்தில் சேர ஒரு பெண் வந்தாள். முதல் வருடத்தைக் கேரளாவில் முடித்திருந்தாள். இப்படி வருகிறவர்களுக்குத்தான் வேலை அதிகம். அந்தக் கல்லூரியின் டி.சி., மார்க் ஷீட், ஒவ்வொரு பாடத்துக்கும் சான்றொப்பமிட்ட சிலபஸ் எல்லாம் வேண்டும். எங்கள் சிலபஸையும் அவர்கள் சிலபஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துறைத் தலைவர் பாடம் பாடமாகப் பார்ப்பார். முக்கால்வாசி ஒத்துப்போனால் கிரெடிட் இங்கே ஏறும். ஒத்துப்போகாததை மறுபடி எழுத வேண்டும். அவளுக்கு ஒரே ஒரு பிராக்டிகல் மட்டும்தான் இடித்தது. அந்த வகையில் மிகச் சுத்தமான கேஸ்.

ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு அவள் பேசிய முதல் வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“அண்ணாச்சி, இந்த ஃபாரத்த எங்கன குடுக்கணும்? அங்கன கேட்டா இங்கன போங்காவ, இங்கன வந்தா அங்கன போங்காவ. காலைலருந்து சுத்துதேன்.”

எல்லா மாணவர்களும் சார் சார் என்று கூப்பிடும் இடத்தில், கடையில் சாமான் வாங்க வந்தவள் மாதிரி ‘அண்ணாச்சி’ என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரைக் கேட்டேன். முத்துச்செல்வி. அப்பா மாரியப்பன், மாஞ்சோலையில் பிறந்தவர். வாலிபத்தில் கேரளாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், இப்போது குடும்பத்தோடு ஊர்ப்பக்கம் திரும்பி வந்து, பாளையங்கோட்டையில் ஓர் அரிசி ஆலையில் இருக்கிறார்.

“ஃபாரத்த நிரப்பிக் குடும்மா” என்றேன்.

“எனக்கு எழுத வராது அண்ணாச்சி. நீங்களே எழுதிருங்களேன்.”

ஃபாரம் நிரப்பப் பயப்படுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “வராம என்ன? குடு, நானே எழுதுதேன்” என்று வாங்கி, பெரிய மனதோடு முழுவதையும் எழுதினேன். மொழிப் பாடம்? இந்தி என்றாள், எங்கள் கல்லூரியில் தமிழ் அல்லது இந்தி எடுக்கலாம். அதற்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது: ‘பள்ளியில் தமிழ் பயின்றவரா?’ அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை. பெயர் முத்துச்செல்வி. பேச்சு இப்படி. இதில் கேட்க என்ன இருக்கிறது? ‘ஆம்’ என்று எழுதினேன். பின்னால் இணைத்திருந்த பள்ளி மார்க் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு ‘ஆம்’ என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். நாலாம் பகுதியில் இரண்டு கிரெடிட்டுக்கு ஒரு பாடம் உண்டு. பள்ளியில் தமிழ் படித்தவர்கள் பிற துறையிலிருந்து தங்களுக்குப் பிடித்ததை எடுக்கலாம். தமிழ் படிக்காதவர்கள் கட்டாயம் ‘அடிப்படைத் தமிழ்’ எழுத வேண்டும். இது இல்லாவிட்டால் பட்டம் இல்லை. நான் போட்ட ‘ஆம்’ அவளை நேராகத் தாவரவியல் துறை நடத்தும் இயற்கை உரப் பாடத்துக்கு அனுப்பிவைத்தது. அதில் மண்புழு வளர்த்து, வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினாள்.

இரண்டு வருடம் ஓடியது. கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்து, நாங்கள் ஸ்கேலும் மார்க் ஷீட்டுமாக உட்கார்ந்தோம். விலங்கியல் வந்தது. முத்துச்செல்வி வரிசையில் மொத்தம் நூற்று நாற்பது. வெளியிலிருந்து வந்தவள் என்பதால் சார் கோப்பையும் எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புரட்டிய கை நின்றது. ஸ்கேல் கீழே போனது. கண்ணாடி கழன்றது.

“டீ சொல்லும்வே.”

அந்த டீயை நான் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். முடிந்ததும் பள்ளி மார்க் ஷீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மலையாளம், ஆங்கிலம், இந்தி.

“இந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சான்னு உமக்கு யாரு சொன்னா?”

“அவ பேசுனதக் கேட்டேன் சார்.”

“பேசுனதக் கேட்டீரு. மார்க் ஷீட்டப் பாத்தீரா?”

நான் மார்க் ஷீட்டை மூடி வைத்தேன். அப்புறம், இதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, மெதுவாகச் சொன்னேன்: “சார், மொத்தம் நூத்தி நாப்பது சரியாத்தான இருக்கு. இப்படியே விட்டா யாரும் பாக்க மாட்டாவ.”

அவர் கோபப்படவில்லை. “பத்து வருஷம் கழிச்சு இவ ஒரு வேலைக்குப் போவா. சர்டிபிகேட்டச் சரிபாக்க ஒருத்தன் வருவான். அவன் உம்மைய மாதிரி காதால பாக்க மாட்டான். அன்னைக்கு நீரும் நானும் இங்கன இருக்க மாட்டோம்வே. அவ மட்டும் தனியா நிப்பா.”

விதிப் புத்தகத்தை எடுத்தார். நல்ல வேளையாக அடிப்படைத் தமிழுக்குத் தேர்வு முழுக்க முழுக்கக் கல்லூரிக்குள்ளேயே நடக்கும். முதல்வர் அனுமதித்தால் சிறப்புத் தேர்வு வைக்கலாம். அனுமதி கேட்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதி நீட்டினேன். ‘மேற்படி மாணவியின் சேர்க்கையின்போது தவறு நிகழ்ந்துவிட்டது’ என்று தொடங்கியிருந்தேன். முப்பது வருட ஆபீஸ் தமிழ்.

“நிகழ்ந்துச்சா? தானா பெய்ய அது என்ன மழையாவே?” என்றவர், பச்சைப் பேனாவை என்னிடமே கொடுத்தார். நான் அடித்துவிட்டு ‘தவறு செய்தேன்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘சேர்க்கைப் படிவத்தில் சரிபார்க்காமல் கையொப்பமிட்டவன் நான்.’ முதல்வர் சிறப்புத் தேர்வுக்கு அனுமதியும் எங்கள் இரண்டு பேருக்கும் மெமோவும் கொடுத்தார். சார் தன்னுடைய மெமோவுக்கு வரிசை எண் போட்டுத் தானே கோப்பில் கட்டினார்.

அந்தப் பெண்ணிடம் சொல்லும் வேலை என்னுடையது. வரச் சொல்லியிருந்தேன். அவள் எதற்கோ வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து, ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. பதினெட்டு நாளுக்குள் புரொவிஷனல் சர்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்தக் காகிதத்தை வாங்கி நாளை எண்ணிப் பார்த்தேன். பிறகு தப்பைச் சொன்னேன்.

அவள் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

“நான் அன்னைக்கே சொன்னம்லா அண்ணாச்சி, எனக்கு எழுத வராதுன்னு? நீங்கதான் ‘வராம என்ன’ன்னுட்டிய.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஃபாரம் நிரப்புவதைப் பற்றிச் சொல்லவில்லை. தமிழ் எழுதுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தோட்டத்தில் அக்கம்பக்கம் எல்லாம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துச் சனம். அதனால் வீட்டிலும் லயத்திலும் இந்தப் பேச்சு. பள்ளிக்கூடம் மட்டும் மலையாளம். இங்கே வந்தும் வகுப்பு ஆங்கிலத்தில், மொழிப் பாடம் இந்தி. இரண்டு வருடமாக பஸ்ஸில் எழுதியிருப்பதைக்கூடப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுத்தான் ஏறியிருக்கிறாள். அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வாயைத் திறந்தால் எங்களை எல்லாம் விட நல்ல திருநெல்வேலிக்காரி.

“மூணு வருஷம் படிச்சி முடிச்சிட்டு இப்ப அ, ஆ எழுதணுமா? அப்ப என் மண்புழு?”

“மண்புழு உன்கிட்டதான் இருக்கும். அது கூடுதல் கிரெடிட்டாயிரும். உனக்கு மொத்தம் நூத்தி நாப்பத்தி ரெண்டு.”

அவள் அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கண் கலங்கத்தான் செய்தது. பிறகு துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, “பரீட்ச எத்தன நாள்ல?” என்றாள். பன்னிரண்டு நாள் என்றேன். “யாருகிட்ட படிக்கணும்?” என்றாள்.

தமிழ்த் துறைத் தலைவர் எஸ்தர் மேடத்திடம். அவரிடம் முன்கூட்டியே போய், “மேடம், தப்பு என்னுடையது. புள்ளைக்கு அவசரம். கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று கேட்டிருந்தேன்.

“என்னத்தப் பாத்து? தாளப் பாத்துத்தான் போடுவேன். அடிப்படைத் தமிழ்னா ஆறாங் கிளாஸ் தரம். அதுக்குக் கீழ ஒரு படிகூட இறங்க மாட்டேன்” என்றார். எழுத்துத் தேர்வு எழுபத்தைந்து, அதில் முப்பது எடுத்தே ஆக வேண்டும். வாய்மொழி இருபத்தைந்து.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தமிழ்த் துறை அறையில் பாடம். முத்துச்செல்வி போகும்போதும் வரும்போதும் என் ஜன்னலில் நின்று நிலவரம் சொல்லிவிட்டுப் போவாள். முதல் இரண்டு நாள் உற்சாகம்தான். “மலையாளத்துல எங்களுக்கு நாலு ‘க’ அண்ணாச்சி. உங்களுக்கு ஒண்ணுதான். மூணு மிச்சம்.” ஐந்தாம் நாள் கொதித்துப்போய் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொரு போர்டாக எழுத்துக் கூட்டிப் படிப்பது அவளுடைய பயிற்சி. படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அதனால் வீட்டுக்குப் போவதற்குள் மூன்று பஸ்ஸை விட வேண்டியிருக்கிறது என்பது தனிக் கதை. அன்றைக்கு ஸ்ரீவைகுண்டம் பஸ் வந்து நின்றிருக்கிறது.

“மொத எழுத்து என்ன அண்ணாச்சி அது, சுழிச்சுக்கிட்டு? மேடம் எரநூத்தி நாப்பத்தேழுன்னாவ. அதுல இது இல்லியே! இப்படி ஒளிச்சு வச்சா எப்படிப் படிக்கதாம்?”

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அவள் பேசுவதை அப்படியே எழுதினாள். ‘அவர்கள் வருகிறார்கள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அவிய வாராவ’. எஸ்தர் மேடம் ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் வெட்டினார். வைத்துப் பார்த்த மாதிரித் தேர்வில் இருபத்திரண்டு. நான் அன்று மதியம் சாப்பிடவில்லை. தமிழ்த் துறைக்குப் போனால் உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

“அப்ப இந்த எழுதுத தமிழ யாரு வீட்ல பேசுதாவ மேடம்?”

“யாரு வீட்லயும் பேசல. அதனாலதான் பரீட்ச வைக்கோம். உக்காந்து எழுது.”

உட்கார்ந்து எழுதினாள். தினம் நாற்பது வாக்கியம். இந்தப் பக்கம் வீட்டுத் தமிழ், அந்தப் பக்கம் தாளுக்குரிய தமிழ்.

பரீட்சை நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே ஒரு ஆள் எழுதும் பரீட்சை. அதற்கு சங்கரபாண்டியன் சார் எதையும் குறைக்கவில்லை. ஹால் டிக்கெட் உண்டு. எண்பது பேர் உட்காரும் ஹாலுக்கு, ஒரே ஓர் இருக்கை எண் மட்டும் போட்ட வரைபடம் கதவில் ஒட்டப்பட்டது. சீல் வைத்த வினாத்தாள் உறையை அவளிடமே காட்டி, உடையாமல் இருக்கிறது என்று கையெழுத்து வாங்கினோம். பியூன் செல்லத்துரை அந்த ஒருத்திக்காகத் தொடக்க மணி, அரை மணி, எச்சரிக்கை மணி, கடைசி மணி எல்லாம் அடித்தார். முடிந்ததும் சார் ‘வருகை புரிந்தோர் ஒன்று, வராதோர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். ஹாலுக்குள் என் மகளே எழுதியிருந்தாலும் அவ்வளவு நடந்திருக்க மாட்டேன்.

மறுநாள் எஸ்தர் மேடம் உறையைக் கொண்டுவந்து சார் மேஜையில் வைத்தார். எழுத்து முப்பத்து நாலு. வாய்மொழி இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

“வாய்மொழியில முழு மார்க்கா?” என்றார் சார்.

“நான் ஒரு கேள்வி கேட்டேன். அவ கால் மணி நேரம் பேசினா. நிறுத்தத்தான் வழி தெரியல” என்றார் மேடம்.

சார் அந்த வரிசைக்குக் கீழே ஸ்கேலை வைத்து முதலிலிருந்து மறுபடி படித்தார். நாலாம் பகுதியில் அடிப்படைத் தமிழ், இரண்டு கிரெடிட். “போகட்டும்” என்றார். என் முகத்தை அவர் பார்க்கக் கூடாது என்று கோப்பைத் தேடுகிற மாதிரி பீரோப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேர்வு முடிவுகளுக்கு ஒப்புதல் தரும் கூட்டம், முதல்வர் கையெழுத்து என்று இன்னும் இரண்டு நாள் போயிற்று. பதினெட்டாம் நாள் கெடு, வடக்கே போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும். பதினைந்தாம் நாள் சாயங்காலம் ரயில். அன்று மதியம் சர்டிபிகேட் வாங்க வந்தாள். அப்பாவும் வந்து வாசலில் பெட்டியோடு நின்றார்.

எங்கள் சர்டிபிகேட்டில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். டைப் செய்தது நான்தான். இந்தத் தாளை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டைத் திருப்பி வைத்து, “இங்கன கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கோம்மா” என்றேன்.

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. சர்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணாச்சி.”

“என்னம்மா?”

“ஒரு ‘த்’ விட்டுப்போச்சு. முத்து இல்ல, ‘முதுச்செல்வி’ன்னு அடிச்சிருக்கிய.”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். முதல்வர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். சங்கரபாண்டியன் சாரும் பார்த்துப் போட்டிருந்தார். நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். பிறந்ததிலிருந்து தமிழ் படிக்கிற மூன்று பேர் கண்ணிலும் படாதது, பதினைந்து நாளைக்கு முன்னால் எழுத்துக் கூட்டத் தெரியாதவள் கண்ணில் பட்டுவிட்டது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உலகத்தில் அதைவிடச் சந்தோஷமான தப்பை நான் செய்ததில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி.

“சிரிக்காதிய அண்ணாச்சி. ரயிலுக்கு நேரமாவுது. வேற அடிச்சித் தாங்க.”

வேறு அடித்தேன். சாரிடமும் முதல்வரிடமும் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். முத்திரையை எடுத்து ஓங்கிய கையைத் தாளின் மேல் கொண்டுபோனேன்.

“இருங்க. நான் படிச்சிக்கிடுதேன்” என்றாள்.

ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, உதடு அசைய, மேலிருந்து கடைசி வரி வரைக்கும் அவள் படித்தாள். முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி நான் காத்திருந்தேன். வாசலில் அவள் அப்பாவும் காத்திருந்தார்.

“இப்ப சரியா இருக்கு. குத்துங்க அண்ணாச்சி.”

குத்தினேன்.